மறு: ‘ஷிப் மணி’ – கப்பல் வரி வேண்டாம், கப்பற்பணம் போதும்

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் காலத்துச் சொற்களைப் பற்றி இங்கே நடந்துவரும் உரையாடலைத் தொடக்கத்திலிருந்தே படித்து வருகிறேன். கடற்படைக்கென்று நாடாளுமன்ற ஒப்புதலின்றி அந்த மன்னர் குடிகளிடம் வாங்கிய தொகையான ‘ஷிப் மணி’ என்பதற்குக் ‘கப்பல் வரி’ என்று வைத்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம் என்று மாணவருக்கான கலைச்சொல் பட்டியலைத் தொகுத்துவரும் ஐயா எழுதியிருந்தார். அவருடைய உழைப்பின்மீது எனக்குள்ள மதிப்பு குழுமம் அறிந்ததே. ஆயினும் இந்தச் சொல்லை ஏற்பதற்கு எனக்கு இரண்டு தடைகள் உள்ளன.

முதல் தடை தமிழின் சொல்லமைப்பைப் பற்றியது. வீட்டு வரி, நில வரி, சொத்து வரி என்று நாம் சொல்லும்போது, வரி எதன்மீது விதிக்கப்படுகிறதோ அதுவே முன்னால் நிற்கிறது. எனவே கப்பல் வரி என்று படிக்கும் மாணவர், கப்பல் வைத்திருந்தவர்கள் கட்டிய வரி என்றே புரிந்துகொள்வார். நடந்ததோ வேறு. 1634 அக்டோபரில் துறைமுகங்களுக்கும் கரையோரப் பகுதிகளுக்கும் அனுப்பப்பட்ட ஆணை, மறு ஆண்டு உள்நாட்டு மாவட்டங்களுக்கும் விரிக்கப்பட்டது. கடற்கரையே இல்லாத பக்கிங்ஹாம்ஷயரில் நிலம் வைத்திருந்தவர்களும் தத்தம் சொத்துக்கேற்பப் பங்கு கட்ட வேண்டியதாயிற்று.

இரண்டாவது தடைதான் என்னை எழுத வைத்தது. அது வரியா, இல்லையா என்பதே அன்றைய வழக்கு. நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி மன்னர் வரி விதிக்கக் கூடாது என்பதை 1628ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் மன்னருக்கு அளித்த உரிமை விண்ணப்பம் எழுத்திலேயே கேட்டிருந்தது. சார்லஸும் அதற்கு இசைவு தந்திருந்தார். 1629க்குப் பிறகு பதினோரு ஆண்டுகள் நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்ட அவருடைய வழக்கறிஞர்கள், தாங்கள் கேட்பது வரியன்று, நாட்டுக்கு இடர் நேரும்போது குடிகள் செய்ய வேண்டிய கடற்காவல் கடமை என்றே வாதிட்டார்கள். ஆணையின் வாசகமும் அப்படித்தான் இருந்தது. 1635இல் பக்கிங்ஹாம்ஷயருக்குச் சென்ற ஆணை பணத்தைக் கேட்கவில்லை. 450 டன் கொள்ளளவுள்ள ஒரு போர்க்கப்பலை 180 ஆட்களுடனும் படைக்கலங்களோடும் உணவோடும் அனுப்பும்படி கேட்டது. அதற்கு ஈடாக 4,500 பவுண்டைத் திரட்டும் பொறுப்பு மாவட்டத்தில் மன்னரின் அலுவலரான ஷெரிப்பின் தலையில் விழுந்தது. திரட்டிய தொகையும் பொதுக் கருவூலத்துக்குச் செல்லாமல் கடற்படையின் பொருளாளரிடமே சென்றது.

பக்கிங்ஹாம்ஷயரின் நிலவுடைமையாளர் ஜான் ஹாம்டன் தம் நிலம் ஒன்றின்மீது விதிக்கப்பட்ட 20 ஷில்லிங்கைக் கட்ட மறுத்து வழக்காடியது இந்த இடைவெளியைச் சுட்டித்தான்: கேட்டது கப்பல், வாங்கியது பணம்; ஒப்புதல் இல்லாமல் வாங்கும் பணம் வரியே. பன்னிரண்டு நீதிபதிகளில் எழுவர் மன்னர் பக்கமும் ஐவர் ஹாம்டன் பக்கமும் நின்றார்கள். 1638இல் மன்னருக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. அந்தப் பெரிய வழக்கை நம் பட்டியல் ‘வரி’ என்ற இரண்டெழுத்தில் ஹாம்டனுக்குச் சார்பாகத் தீர்த்துவிடுகிறது. எனக்கும் ஹாம்டன் சொன்னதே சரியென்று படுகிறது. ஆனால் அதை மாணவர் சான்றுகளைப் படித்து முடிவு செய்ய வேண்டும். கலைச்சொல் அவருக்காக முன்கூட்டியே முடிவு செய்துவிடக் கூடாது.

மாற்றாக வந்த சொற்களில், வசூல் என்ற பொருளில் அமைந்த ‘கப்பல் தண்டல்’ நல்ல தமிழ்தான். ஆனால் தூத்துக்குடிப் பக்கத்தில் தோணியை நடத்திச் செல்லும் தலைவருக்கும் தண்டல் என்றே பெயர் என்பதால், அங்கே இந்தச் சொல் ஓர் ஆளைத்தான் காட்டும். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் அம்மையார் தந்த ‘கப்பல் அறவீடு’ இதைவிட நெடுநேரம் என்னைச் சிந்திக்க வைத்தது. அதிகாரம் உடையவர் வாங்கும் தொகை என்பதைச் சொல்லி, அது வரியா கடமையா என்பதைத் திறந்தே விடும் நல்ல சொல் அறவீடு. அதைப் பொதுச்சொல்லாக வைத்துக்கொண்டு, கட்டாயக் கடன், சுங்கத் தீர்வை, இந்தக் கப்பற்பணம் ஆகிய எல்லாவற்றையும் ‘அறவீடுகள்’ என்ற வகையில் அடக்கலாம் என்பது என் விருப்பம். தனிப்பெயராக மட்டும் ‘கப்பற்பணம்’ என்றே இருக்கட்டும். கப்பலைக் கேட்டுப் பணத்தை வாங்கினார்கள் என்ற செய்தி அந்தச் சொல்லின் இரண்டு பாதிகளிலும் அப்படியே நிற்கிறது. அன்றைய மக்கள் வழங்கிய பெயரும் அதுவே. பயணக் கட்டணத்தோடு குழம்பும் என்ற ஐயம் எழலாம். அதற்குக் கப்பல் கட்டணம் என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது.

இதே கவனம் பட்டியலின் சமயச் சொற்களுக்கும் வேண்டும். ‘ஆர்மீனியர்’ என்று ஒரு பதிவு இருக்கிறது. தமிழில் அதைப் படிக்கும் எவரும் ஆர்மீனிய நாட்டு மக்களையே நினைப்பார். இங்கே குறிக்கப்படுவோர் நெதர்லாந்தின் இறையியலாளர் யாக்கோபஸ் அர்மீனியஸின் வழியினர், அல்லது எதிரிகளால் அப்படி அழைக்கப்பட்டவர்கள். ‘அர்மீனியஸ் கொள்கையர்’ என்று விரித்து எழுதுவதே நலம். அதைப் போலவே, 1633இல் கேன்டர்பரிப் பேராயரான வில்லியம் லாட் தேவாலயத்தின் கிழக்குச் சுவரையொட்டி நிறுத்தி வேலியிடச் சொன்ன பொருளைப் ‘பலிபீடம்’ என்று பட்டியல் சொல்கிறது. அது பீடமா, திருவிருந்து மேசையா என்பதுதான் அவருக்கும், கத்தோலிக்கச் சாயல் இல்லாத வழிபாட்டை விரும்பிய தூய்மைவாதிகளுக்கும் (பியூரிட்டன்கள்) இடையே இருந்த பூசல். பலிபீடம் என்றால் கத்தோலிக்கம் திரும்புகிறது என்று அவர்கள் அஞ்சினார்கள். தமிழ்க் கிறித்தவர்களிடையேயும் திருப்பலி, திருவிருந்து என்ற இரண்டு சொற்களும் இரண்டு மரபுகளை அடையாளம் காட்டுவன என்பதால், இந்த வேறுபாட்டை நம் வாசகர் எளிதில் உணர்வார். ‘திருவிருந்து மேசை’ என்று பதிந்து, லாட் தரப்பினர் அதைப் பீடம்போல் நிறுத்தினர் என விளக்கத்தில் சொல்லலாம்.

நிதிச் சொற்களையும் சமயச் சொற்களையும் இரண்டு தனிப் பகுதிகளாகப் பிரிக்கும் யோசனையையும் மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன். 1629 மார்ச் 2 அன்று, அவைத்தலைவர் ஜான் பின்ச் எழுந்து அவையை ஒத்திவைத்துவிடாதபடி உறுப்பினர்கள் அவரை இருக்கையிலேயே பிடித்து வைத்துக்கொண்டு முழங்கிய மூன்று தீர்மானங்களில், ஒன்று சமயப் புதுமைகளைப் புகுத்துவோரையும் மற்றவை ஒப்புதலற்ற சுங்கத் தீர்வைக்குத் துணை போவோரையும் நாட்டின் பகைவர்கள் என்றன. (ஹாம்டன் வழக்கில் மன்னர் பக்கம் நின்ற எழுவரில், பின்னர் நீதிபதியான இந்தப் பின்ச்சும் ஒருவர்.) பின்னர் 1637இல் ஸ்காட்லாந்தின்மீது சுமத்தப்பட்ட புதிய வழிபாட்டு நூல் கலகமாகி, அது போராகி, அந்தப் போருக்குப் பணம் இல்லாமல்தான் 1640இல் நாடாளுமன்றத்தை மன்னர் மீண்டும் கூட்டினார். வழிபாட்டு நூல் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கப்பற்பணம் இல்லாவிட்டால் இந்த இணைப்பு மாணவருக்குப் புலப்படாது.

இன்னொரு சிறு திருத்தம். அந்த ஆண்டு ஏப்ரலில் கூடிய நாடாளுமன்றத்திடம், கப்பற்பணத்தை விட்டுக்கொடுப்பதற்கு ஈடாக மன்னர் கேட்ட பன்னிரண்டு ‘சப்சிடி’களை மானியம் என்று பெயர்த்திருக்கிறோம். இன்று மானியம் அரசு குடிகளுக்குக் கொடுப்பது. அன்றைய சப்சிடி குடிகள் அரசுக்குக் கொடுத்தது. பொருள் தலைகீழாகிறது. இது நாடாளுமன்றம் ஒப்பி வழங்கியது என்பதால் இங்கே வரி என்பதில் யாருக்கும் வழக்கில்லை. ‘உதவி வரி’ எனலாம்.

பட்டியலுக்கு நான் தரும் பதிவு வருமாறு:

கப்பற்பணம்: முதலாம் சார்லஸ் 1634 முதல் நாடாளுமன்ற ஒப்புதலின்றி, கடற்காவலுக்குக் கப்பல் தரும் கடமைக்கு ஈடாகக் குடிகளிடம் பெற்ற அறவீடு, 1635 முதல் உள்நாட்டு மாவட்டங்களுக்கும் விரிக்கப்பட்டது, 1641இல் நாடாளுமன்றச் சட்டத்தால் முறையற்றதென அறிவிக்கப்பட்டது.

‘ஈடாக’ என்ற சொல் இந்தப் பதிவிலும் மன்னரின் வாதத்தை ஏற்றுக்கொள்வதாகப் படுகிறதா என்பதை அம்மையாரும் ஐயாவும் பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.