1 யார்டு, 4 வாய்ப்பு: ஓடுவதா, எறிவதா?

டெக்ஸாஸ் ரசிகன்: 2025 ஜனவரி 10, கல்லூரி அணிகளின் அமெரிக்கன் ஃபுட்பால், காட்டன் பவுல் அரையிறுதி. ஒஹாயோ ஸ்டேட் 21, டெக்ஸாஸ் 14. ஆட்டம் முடிய சில நிமிடங்கள்தான் பாக்கி. கோல் கோட்டுக்கு 1 யார்டு முன்னால் எங்களுக்கு முதல் டவுன், அதாவது 4 வாய்ப்பில் முதலாவது. நேராக ஓடினோம், நகரவில்லை. இரண்டாவது டவுனில் பந்தை ஓரமாக டாஸ் செய்து 7 யார்டு இழந்தோம். மூன்றாவதில் எறிந்த பாஸ் யார் கையிலும் சேரவில்லை. நான்காவதில் ஒஹாயோவின் ஜாக் சாயர், பந்தை எறியும் எங்கள் குவார்ட்டர்பேக் குயின் யூவர்ஸின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டு, தானே எடுத்து 83 யார்டு ஓடி எங்கள் கோல் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டார். 28-14. இன்னும் மனசு ஆறவில்லை. எங்கள் பயிற்சியாளர் சார்கிசியன் அங்கே என்ன செய்திருக்க வேண்டும்?

மிச்சிகன் பக்கம்: இன்னொரு தடவை நேராகவே ஓடியிருக்க வேண்டும். 1 யார்டு போதும் என்கிற இடத்தில் பந்தைப் பின்னால் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் ஓடினால், எதிரணி உள்ளே புகுந்து பிடிக்க நேரம் கிடைத்துவிடும். 2023 நவம்பரில் பென் ஸ்டேட் மைதானத்தில் எங்கள் பசங்க தொடர்ந்து 32 தடவை ரன், அதாவது பந்தை ஏந்தி ஓடும் ஆட்டமே ஆடினார்கள். இரண்டாம் பாதியில் கணக்கில் ஏறிய பாஸ் ஒன்றுகூட இல்லை. அடுத்து என்ன வரும் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும், தடுக்கத்தான் முடியவில்லை. 24-15. அந்த சீசன் கோப்பையும் எங்களுக்குத்தான், இறுதியில் வாஷிங்டனுக்கு எதிராக 303 யார்டு ஓடினோம்.

பாயூ தம்பி: அண்ணே, அந்தப் பென் ஸ்டேட் ஆட்டத்தில் பாதி நேரத்திலேயே நீங்கள் 14-9 என்று முன்னிலை. முன்னிலையில் இருப்பவன் ஓடி நேரத்தைக் கரைக்கலாம், 7 புள்ளி பின்தங்கியவனுக்கு அந்த வசதி இல்லை. டெக்ஸாஸ் 1 யார்டு கோட்டுக்கு வந்ததே எறிந்ததால்தான். பாஸைத் தடுக்கப்போய் ஒஹாயோ ஸ்டேட் தவறு செய்து மாட்டியது. முதல் டவுனில் எல்லாரும் ரன்னை எதிர்பார்த்து முன்னால் குவிந்து நிற்கிறார்கள். பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக்கிடம் கொடுப்பதுபோல் ஏமாற்றினால், தடுப்பில் இரண்டாம் வரிசையில் நிற்கும் லைன்பேக்கர்கள் முன்னே பாய்வார்கள், அவர்களுக்குப் பின்னால் பாஸ் பிடிக்க நம் டைட் எண்ட் தனியாக நிற்பார். தவறினாலும் இன்னும் 3 வாய்ப்பு. 2019-ல் ஜோ பரோ எங்களுக்காக 60 டச்டவுன் பாஸ் எறிந்தார், எங்கள் எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்) 15 ஆட்டத்தில் 15 வெற்றி. காட்டன் பவுல் அன்றைக்கு டெக்ஸாஸின் ரன் சராசரியைப் பார்த்தீர்களா? படுமோசம்.

மிச்சிகன் பக்கம்: அந்தச் சராசரியை நம்பாதீர்கள். கல்லூரி ஆட்டத்தில், எறியும் முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்தும் சேக்கில் இழக்கும் யார்டும் ரன் கணக்கில்தான் கழியும். தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் பாஸ் கணக்கில் கழிப்பார்கள். யூவர்ஸ் வாங்கிய அடியை ரன்னிங் பேக் தலையில் கட்டுகிறீர்கள். பாஸையே நம்பிய அணியின் கதையும் தெரியுமே. 2014-ல் வாஷிங்டன் ஸ்டேட்டின் கானர் ஹாலிடே கலிஃபோர்னியாவுக்கு எதிராக 734 யார்டு எறிந்தார். கடைசியில் கோல் கோட்டுக்குப் பக்கத்தில் வந்தும் உள்ளே போக முடியாமல், பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் 19 யார்டு ஃபீல்ட் கோல் அடிக்கப்போய்த் தவறவிட்டு 60-59 என்று தோற்றார்கள்.

பாயூ தம்பி: உதைத்தவர் தவறவிட்டதற்குப் பாஸ் என்ன செய்யும்? சேக் கணக்கு சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் டவுனில் நின்றுபோனது சேக் இல்லையே, நீங்கள் கேட்கிற அதே நேர் ரன்தான்.

டெக்ஸாஸ் ரசிகன்: எனக்கு வேறு ஆதங்கம். அந்த சீசனில் எங்கள் மாற்று குவார்ட்டர்பேக் ஆர்ச் மேனிங்கை ஓட்டத்துக்கென்றே அவ்வப்போது இறக்கினார்கள். குவார்ட்டர்பேக்கே ஓடினால் ரன்னிங் பேக்கும் தடுப்பாளராக முன்னால் போகலாம், நம் பக்கம் ஓர் ஆள் கூடும். இரண்டாவது டவுனில் அவரைத்தான் இறக்கியிருக்க வேண்டும்.

மிச்சிகன் பக்கம்: இதைத்தான் நானும் சொல்கிறேன். நேராக, நடுவில்.

பாயூ தம்பி: இறக்கட்டும், ஆனால் எறியவும் விடட்டும். ஓடத்தான் வருகிறார் என்று தெரிந்தால் 11 பேரும் நடுவில்தான் நிற்பார்கள்.