மின்தடைக்குப் பின் விண்டோஸ் 11 புதுப்பிப்பு ஒவ்வொரு முறையும் தோல்வியடைகிறது

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மேசைக்கணினியில் புதுப்பிப்பு நிறுவப்பட்டுக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது, யூபிஎஸ் கிடையாது. கணினி பிறகு இயங்கத் தொடங்கினாலும், அன்று முதல் மாதாந்தரப் புதுப்பிப்பு எதுவும் ஏறுவதில்லை. முழுவதும் பதிவிறங்கி, மறுதொடக்கம் கேட்டு, மாற்றங்களைத் திரும்பப் பெறுவதாக ஒரு வரியை அரை மணி நேரம் காட்டிவிட்டு, பழைய நிலைக்கே வந்து நிற்கிறது. பலரும் சொன்னபடி, புதுப்பிப்புச் சேவையை நிறுத்திவிட்டு ‘சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்’ கோப்புறையை இரண்டு முறை காலி செய்தும் பலனில்லை. புதுப்பிப்பு வரலாற்றில் 80073712 என்று முடியும் பிழை எண் இருக்கிறது. அம்மாவின் ஓய்வூதியக் கணக்குகள் முழுவதும் இதில்தான் உள்ளன என்பதால், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவத் தயங்குகிறேன். வேறு வழி உண்டா?

மறுமொழி 1:

பிழை எண்ணைக் குறிப்பிட்டது நல்லதாயிற்று. நீங்கள் காலி செய்த கோப்புறையில் இருப்பவை பதிவிறங்கிய கோப்புகள். உங்களுக்குப் பதிவிறக்கம் ஒழுங்காகவே நடக்கிறது, ஆகவே அதை நூறு முறை காலி செய்தாலும் பயனிராது. 80073712 என்பது, விண்டோஸ் தன் உதிரிக் கோப்புகளைச் சேர்த்துவைத்திருக்கும் ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ கிடங்கில் ஏதோ ஒரு கோப்பு காணாமற்போயிருக்கிறது அல்லது சிதைந்திருக்கிறது என்பதைக் குறிக்கும். மின்தடையின்போது எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு அரைகுறையாக நின்றிருக்கலாம்.

நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, முதலில் அந்தக் கிடங்கைச் சீர்செய்யும் டிஸ்ம் கருவியின் ‘ரீஸ்டோர்ஹெல்த்’ கட்டளையையும், அது முடிந்த பிறகே விண்டோஸின் கோப்புகளைச் சோதித்துப் பழுதுபார்க்கும் ‘எஸ்எஃப்சி ஸ்கேன்நவ்’ கட்டளையையும் இயக்குங்கள். எஸ்எஃப்சி பழுதுபார்க்கத் தேவையான நல்ல பிரதிகளை அந்தக் கிடங்கிலிருந்துதான் எடுக்கிறது என்பதால், கிடங்கைச் சீர்செய்யாமல் அதை முதலில் ஓட்டுவது வீண்வேலை. டிஸ்ம் 62.3 விழுக்காட்டில் வெகுநேரம் அசையாமல் நிற்பதுண்டு. உறைந்துவிட்டதென்று எண்ணிச் சாளரத்தை மூடிவிடாதீர்கள்.

மறுமொழி 2:

மேலே சொன்ன முறை சரிதான், ஆனால் அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஓய்வூதியக் கணக்குகளை இன்றே வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்துவிட்டு, வட்டின் நலத்தைச் சோதியுங்கள். வட்டே பழுதடைந்து வந்தாலும் கோப்புகள் சிதையும். அந்த நிலையில் டிஸ்ம் செய்யும் பழுதுபார்ப்பு ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவது போல்தான். வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் வசதி செயல்பாட்டில் இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:

நகலெடுத்தாயிற்று, வட்டிலும் குறையில்லை. டிஸ்ம் நெடுநேரம் ஓடிவிட்டு, மூலக் கோப்புகளைக் கண்டறிய முடியவில்லை என்று 800எஃப்081எஃப் பிழையைக் காட்டி நின்றுவிட்டது.

மறுமொழி 1:

அப்படியானால் கட்டளைகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவலுக்கு வேண்டிய அனைத்தும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) பதிவிறக்கி, இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளேயே அதை இருமுறை சொடுக்கித் திறந்து, ‘செட்டப்’ நிரலை இயக்குங்கள். பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடக்கி நிறுவினால் செயலிகளைத் தக்கவைக்கும் வாய்ப்பே வராது என்பதால் அந்த வழியில் போக வேண்டாம். தனிப்பட்ட கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள்ளும் தேர்வு மங்கலாகத் தெரிந்தால், பெரும்பாலும் ஐஎஸ்ஓவின் மொழியோ பதிப்போ உங்கள் விண்டோஸுடன் பொருந்தவில்லை என்று பொருள். ஆங்கிலத்திலேயே அமெரிக்க, பிரித்தானிய வகைகள் தனித்தனியாக இருப்பதால் இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அந்தத் தேர்வு இல்லாமல் ‘நிறுவு’ பொத்தானை அழுத்தாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. தேர்வு முதலில் மங்கலாகத்தான் இருந்தது. நான் அமெரிக்க ஆங்கிலக் கோப்பை இறக்கியிருந்தேன், கணினியில் இருந்ததோ பிரித்தானிய ஆங்கிலம். மாற்றி நிறுவியபின் கணக்குகள், அச்சுப்பொறி, தமிழ்த் தட்டச்சு மென்பொருள் உட்பட எல்லாம் அப்படியே இருக்கின்றன. நிலுவையில் இருந்த புதுப்பிப்பும் ஏறிவிட்டது. சி வட்டில் மட்டும் இடம் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

மறுமொழி 2:

அது ‘விண்டோஸ்.ஓல்டு’ கோப்புறை. பழைய நிறுவலுக்குத் திரும்ப 10 நாள் அவகாசம் உண்டு, அதுவரை அதைத் தொடாதீர்கள். பிறகு விண்டோஸ் தானே நீக்கிவிடும்.