கோபியிலிருந்து நெடுந்தூரப் பனிச்சறுக்கு: மருமகளுக்கு என்ன சொல்வது?

வாய்க்கால்கரை (கோபிசெட்டிபாளையம்):
என் தங்கை மகளுக்கு வயது 19. கல்லூரி அணியில் 10,000 மீட்டர் ஓடுகிறாள். சென்ற மாசியில் குல்மார்க்கில் ஒரு பயிற்சி முகாமுக்குச் சென்று வந்ததிலிருந்து, மலைச்சரிவில் பாய்ந்து இறங்கும் பனிச்சறுக்கு அன்று, ஏற்றத்தையும் சமவெளியையும் தன் மூச்சை மட்டுமே நம்பிக் கடக்கும் நெடுந்தூரப் பனிச்சறுக்குதான் இனித் தன் வாழ்க்கை என்கிறாள். தங்கையும் மாப்பிள்ளையும் தாய்மாமனாகிய என்னிடம் முடிவைக் கேட்கிறார்கள். எனக்கோ மஞ்சள் மண்டியைத் தவிர வேறொன்றும் தெரியாது. இந்த விளையாட்டுக்கே தம்மைக் கொடுத்துவிட்டவர்களின் ஆண்டு எப்படிக் கழிகிறது?

வடவள்ளியான்:
அண்ணா, வேலை நிமித்தமாக நான்கு குளிர்காலங்களை நார்வேயில் கழித்தவன் என்பதால் கண்டதை எழுதுகிறேன். இவர்களின் ஆண்டு பனி உருகிய பிறகு, மே மாதத்தில்தான் தொடங்குகிறது. முன்னணி வீரர்கள் ஆண்டுக்கு 700 முதல் 900 மணி நேரம் பயிற்சி செய்கிறார்கள். அதில் பெரும்பகுதி, பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே போகக்கூடிய மெதுவான வேகத்தில்தான். ஓட்டம், மலையேற்றம், அவற்றோடு தார்ச்சாலையில் ரோலர் ஸ்கீ, அதாவது சக்கரம் வைத்த சறுக்குப் பலகை. ஆகவே மூச்சையும் தோளையும் கோபியிலேயே வளர்த்துவிடலாம்; ஒரு காலால் உந்திவிட்டு மறுகாலின்மேல் நிலைகுலையாமல் வழுக்கிச் செல்லும் நிதானம் மட்டும் பனியில்தான் கைகூடும். பெரும்பாலான ரோலர் ஸ்கீகளுக்குப் பிரேக் கிடையாது என்பதையும் சொல்லிவிடுங்கள். ஆனைகட்டிச் சாலையின் இறக்கத்தில் அதை மறந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டவன் நான். ஏற்றத்தை ஸ்கீயில் ஏறி, இறக்கத்தை வண்டியில் கடப்பதே நல்லது.

பெருந்துறை வாத்தியார்:
தம்பி, பனி பார்க்காத ஊர் என்பது தடையே அன்று. கென்யாவின் பிலிப் பாயிட் 800 மீட்டர் ஓட்டக்காரர். 1996இல் பின்லாந்துக்குப் போனபோதுதான் பனியையே முதன்முதலாகக் கண்டார். 1998 நாகானோ ஒலிம்பிக்கில் 10 கிலோமீட்டர் பந்தயத்தில் அவருக்கு 92ஆவது இடம், அதாவது கடைசி. வென்ற நார்வேயின் பியோர்ன் டேலி, ஏறக்குறைய 20 நிமிடம் எல்லைக்கோட்டருகே காத்திருந்து அவரைத் தழுவிக்கொண்டார். பாயிட் அத்தோடு நிற்காமல் 2002, 2006 ஒலிம்பிக்குகளுக்கும் வந்தார். அவ்வளவு தூரம் எதற்கு? குடகைச் சேர்ந்த பவானி தெக்கடா 2023இல் ஸ்லோவேனியாவில் நடந்த உலகப் போட்டியில் இந்தியாவுக்காகச் சறுக்கினார். (காவிரி பிறக்கும் மண்ணில் பவானி என்றொரு பெயர்; நம் கூடுதுறைக்காரர்களுக்குப் பிடிக்கும்.)

நொய்யல்:
வாத்தியார் சொல்வது மெய். ஆனால் பாயிட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய காலணி நிறுவனத்தின் பணம் இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கிருந்து 2014இல் ஒலிம்பிக் சென்ற நதீம் இக்பாலும் 2018இல் சென்ற ஜகதீஷ் சிங்கும் ராணுவத்தினர். மாதச் சம்பளம் என்ற பிடிமானம் அவர்களுக்கு இருந்தது. பட்டப்படிப்பை முடிக்கட்டும்; ஆண்டுக்கு இரண்டு மாதமாவது வடக்கே தங்கும் செலவை யார் ஏற்பது என்பதை இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

வாய்க்கால்கரை:
அனைவருக்கும் நன்றி. வாத்தியாரின் பதிலைத் தங்கைக்கும், கடைசிப் பதிலை மருமகளுக்கும் படித்துக் காட்டினேன். இருவருமே சிறிது நேரம் பேசவில்லை. படிப்பை முடிப்பது என்றும், வரும் தை, மாசியில் குல்மார்க் செலவு என்னுடையது என்றும் முடிவாகியிருக்கிறது. வடவள்ளித் தம்பியிடம் ஒரு கேள்வி: பழைய ரோலர் ஸ்கீ வாங்குவதானால் சக்கரத்தில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? எங்கள் வாய்க்கால் கரைச் சாலையில் ஆங்காங்கே ஜல்லி பெயர்ந்து கிடக்கிறது.