சாப்பிட உட்கார்ந்தாலே தாடை வீங்கியது: உமிழ்நீர்க் கல்லை எடுத்துக்கொண்ட அனுபவம்

முதல் கவளம் வாய்க்குள் போனதுமே வலது தாடைக்குக் கீழே புடைத்துக்கொண்டு வரும். ஒரு மணி நேரத்தில் தானாக வடிந்துவிடும். எட்டு மாதம் இப்படியே ஓடியது. பல் கோளாறு என்று சொல்லிக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். பிறகு நெறி கட்டியிருக்கிறது என்று இரண்டு முறை மாத்திரை கொடுத்தார்கள். நெறி, சாப்பாட்டு நேரம் பார்த்தா கட்டும்? இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை என்பதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

கடைசியில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர், கையுறை போட்ட விரலை நாக்கின் அடியில் வைத்து, மறு கையால் தாடையை வெளியிலிருந்து தாங்கி, பின்னாலிருந்து முன்னால் மெல்லத் தடவினார். அரை நிமிடத்தில் கல் தட்டுப்பட்டது. ஸ்கேனில் 9 மில்லிமீட்டர். தாடைக்கீழ்ச் சுரப்பியின் உமிழ்நீர் கெட்டியானது; நீண்ட குழாய் வழியாக மேல்நோக்கி ஏறி வர வேண்டும். அதனால்தான் இந்தக் கற்களில் 80 சதவீதம் அந்த இடத்திலேயே உண்டாகின்றன. நான்கு மில்லிமீட்டருக்கு உட்பட்ட கல் என்றால் மெல்லிய உள்நோக்கியை விட்டு வலைக்கூடையால் இழுத்துவிடலாம். என்னுடையது பெரிது. ஆனால் குழாயின் முன்பக்கம் இருந்ததால் வாய் வழியாகவே எடுக்க முடிந்தது.

மரத்துப்போகும் ஊசி மட்டும்தான். வெட்டுவதற்கு முன் கல்லுக்குப் பின்னால் ஒரு நூலைச் சுற்றி இழுத்துப் பிடித்தார். இல்லையென்றால் கல் வழுக்கிச் சுரப்பிப் பக்கம் போய்விடுமாம். குழாயைக் கீறியதும் அடைபட்டிருந்த கெட்டி உமிழ்நீர் உப்புக் கரிப்போடு பொங்கியது. தட்டில் 'டக்' என்று கல் விழுந்தது. மஞ்சளாக, சொரசொரவென்று இருந்தது. உடனே நாக்கை நீட்டச் சொல்லி இரண்டு ஓரங்களிலும் தொட்டுப் பார்த்தார். நாக்கின் உணர்வு நரம்பு அந்தக் குழாயை ஒட்டியே போகிறது.

இப்போது நிறையத் தண்ணீர் குடிக்கிறேன். சுரப்பியை முன்னோக்கி நீவிவிடுகிறேன். மறுபடி கல் வந்தால் சுரப்பியையே எடுக்க நேரலாம் என்கிறார்கள். எடுத்துக்கொண்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

*

நான் எடுத்துக்கொண்டவள். எனக்குக் கல் சுரப்பிக்குள்ளேயே இருந்தது. மூன்று முறை சீழ் பிடித்துக் காய்ச்சலில் படுத்தேன். முழு மயக்கம் கொடுத்து, தாடை எலும்புக்கு இரண்டு விரற்கடை கீழே வெட்டினார்கள். கீழுதட்டை அசைக்கும் நரம்பு மேலே ஓடுவதால் அவ்வளவு தள்ளி வெட்டுவார்கள். அப்படியும் என் உதடு ஒரு பக்கம் இழுத்தாற்போல் இருந்தது. வாய் கொப்பளிக்கும்போது அந்த ஓரத்தில் தண்ணீர் வழியும். மனம் உடைந்துபோனேன். மூன்றாம் மாதம் சரியாகிவிட்டது. மற்றச் சுரப்பிகள் இருப்பதால் வாய் வறண்டுபோகவில்லை. அந்தப் பயம் வேண்டாம். வீக்கம் வடியாமல் காய்ச்சலும் சேர்ந்துகொண்டால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். நான் முதல் முறை நான்கு நாள் பொறுத்துப் பார்த்தேன். ஐந்தாம் நாள் வாயைத் திறக்கவே முடியவில்லை.