ராட்வீலர் வைத்திருப்பவருக்கு வீடு கொடுக்கலாமா? பாலிசியில் "தடை செய்த இனங்கள்" என்று போட்டிருக்கிறது

மாடிப்படி கேட்டது:

கீழ் வீடு காலியாக இருக்கிறது. மேல் வீட்டில் சின்னக் குழந்தையோடு ஒரு குடும்பம். கேட், நடைபாதை, பின்பக்கம் துணி காயப்போடும் இடம் எல்லாம் இரண்டு வீட்டுக்கும் பொது. வீடு கேட்டு வந்தவர்களில் மற்ற எல்லா வகையிலும் பொருத்தமானவர் ஒரு ராட்வீலர் நாய் வைத்திருக்கிறார். ஆண், மூன்று வயது, 46 கிலோ. அவருடைய முந்தைய வீட்டு ஓனர் புகார் எதுவும் சொல்லவில்லை.

வீட்டு இன்சூரன்ஸ் பாலிசியின் கடைசிப் பக்கத்தில் சில நாய் இனங்களின் பெயர் இருக்கிறது. அதில் ராட்வீலரும் உண்டு. என் சந்தேகங்கள்:

1. இது சட்டப்படி தடையா, இன்சூரன்ஸ்காரர் விருப்பமா?
2. கடித்துவிட்டால் பொறுப்பு நாய்க்காரருக்கா, எனக்கா?
3. கூடுதல் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டால் போதுமா?
4. அக்ரிமெண்டில் என்ன எழுத வேண்டும்?

---

பாலிசிப்பக்கம்:

முதல் கேள்விதான் முக்கியம், அதைச் சரியாகவே கேட்டிருக்கிறீர்கள். "தடை செய்த இனம்" என்று ஒரே பட்டியல் உலகத்தில் எங்கும் கிடையாது. அரசு போடுவது ஒன்று, இன்சூரன்ஸ் கம்பெனி போடுவது ஒன்று, குடியிருப்புச் சங்கம் போடுவது ஒன்று. மூன்றும் ஒத்துப்போக வேண்டும் என்ற அவசியம் இல்லை.

உங்கள் ராட்வீலரையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் 1991 ஆபத்தான நாய்கள் சட்டத்தில் அதன் பெயரே இல்லை. அங்கே பிட் புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலெய்ரோ ஆகிய நான்கும், பின்னால் சேர்ந்த எக்ஸ்எல் புல்லியும் மட்டும்தான். பக்கத்து அயர்லாந்தில் 1998 விதிகளில் ராட்வீலர் இருக்கிறது. ஆனால் வளர்க்கத் தடை இல்லை. பொது இடத்தில் வாய்க்கூடு போட வேண்டும், 2 மீட்டருக்கு மேல் போகாத வலுவான பட்டையில் 16 வயது தாண்டியவர் பிடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தியாவில் 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களைக் குறிப்பிட்டு ஒரு சுற்றறிக்கை விட்டது, அதிலும் ராட்வீலர் இருந்தது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே யாரோ அனுப்பிய பழைய பட்டியலை வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் ஊர் உள்ளாட்சியில் இன்றைய தேதிக்கு என்ன விதி, லைசென்ஸ் வேண்டுமா என்று கேளுங்கள்.

அரசுப் பட்டியலில் முழுத் தடை என்றால் பேச்சே இல்லை, விட்டுவிடுங்கள். நிபந்தனையோடு அனுமதி என்றால் அந்த நிபந்தனைகளை அப்படியே அக்ரிமெண்டில் ஏற்றுங்கள்.

இன்சூரன்ஸ் பட்டியல் வேறு விஷயம். அங்கே போலீஸ் வரமாட்டார்கள், ஆனால் க்ளெய்ம் பணம் வராது. ஏஜென்டிடம் போனில் கேட்காமல் இமெயிலில் கேளுங்கள். "பரவாயில்லை சார், கொடுங்க" என்று ஏஜென்ட் வாயால் சொன்னது க்ளெய்ம் நேரத்தில் செல்லாது. கேட்க வேண்டியவை:

– பட்டியல் நான் வளர்க்கும் நாய்க்கு மட்டுமா, வாடகைக்கு இருப்பவரின் நாய்க்கும் பொருந்துமா?
– நாய் கடித்த க்ளெய்ம் மட்டும் விலக்கா, அந்த இனம் வளாகத்தில் இருந்தாலே பாலிசி புதுப்பிக்க மாட்டீர்களா?
– கலப்பினத்தை எப்படிக் கணக்கில் எடுக்கிறீர்கள்?
– இனம் பார்க்காமல் "முன்பு கடித்திருக்கிறதா" என்று மட்டும் பார்க்கும் பாலிசி உங்களிடம் உண்டா?

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டால் பல இடங்களில் வேறு பாலிசி கிடைக்கும். அமெரிக்காவில் நியூயார்க், நெவாடா போன்ற சில மாநிலங்களில் இனத்தை மட்டும் காரணம் காட்டி வீட்டு இன்சூரன்ஸ் மறுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

அட்வான்ஸ் பற்றி: அது கதவுச் சுரண்டல், தரைக் கறை, கொசுவலைக் கிழிசலுக்குத்தான் ஆகும். கடிபட்டவருக்கு ஒட்டறுவை சிகிச்சை, வேலைக்குப் போகாத நாட்களுக்கு ஈடு என்று வரும் தொகை அட்வான்ஸில் அடங்காது. அதற்கு நாய்க்காரர் பெயரில் பொறுப்புக் காப்பீடு வேண்டும். அந்தப் பாலிசியில் உங்கள் பெயர் எப்படிச் சேர்கிறது என்று பாருங்கள். "தகவல் பெறுபவர்" என்று சேர்த்தால் பாலிசி ரத்தானால் உங்களுக்குக் கடிதம் வரும், பணம் வராது. "கூடுதல் காப்பீடு பெறுபவர்" என்று சேர்த்தால்தான் உங்கள் மேல் வழக்கு வந்தால் பாலிசி உங்களுக்காகவும் நிற்கும். முதலாவதை வாங்கிவிட்டு இரண்டாவது இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் ஓனர்கள்தான் அதிகம். குறைந்தபட்சம் முதலாவது இல்லாமல் சாவி கொடுக்காதீர்கள். சாவி வாங்கும்வரை பிரீமியம் கட்டிவிட்டு அடுத்த மாதமே நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள்.

---

வரைவாளர்:

இரண்டாவது கேள்விக்கு. எந்த நாட்டுச் சட்டமாக இருந்தாலும் முதல் பொறுப்பு நாயை வைத்திருப்பவருக்குத்தான். வீட்டு ஓனர் மேல் விழுவது பெரும்பாலும் இரண்டு வழிகளில்.

ஒன்று, நாய் ஆபத்தானது என்று தெரிந்திருந்தும், வெளியேற்றும் உரிமை கையில் இருந்தும், சும்மா இருந்தது. கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 1975-ல் இதைத்தான் சொன்னது: நாயின் குணம் ஓனருக்கு உண்மையிலேயே தெரிந்திருந்து, குடித்தனத்தை முடிக்கும் அதிகாரமும் அவரிடம் இருந்தால், மூன்றாமவர் பாதுகாப்புக்கு அவருக்கும் கடமை உண்டு. இங்கே "தெரிந்திருப்பது" என்றால் இனம் தெரிந்திருப்பது அல்ல. மேல் வீட்டுக்காரர் "நேற்று என் பையன் மேல் பாய்ந்தது" என்று அனுப்பிய மெசேஜைப் படித்துவிட்டு நீங்கள் கட்டைவிரல் காட்டியிருந்தால், அதுதான்.

இரண்டு, பொது இடம். உங்கள் கேட், நடைபாதை, துணி காயப்போடும் இடம் மூன்றும் உங்கள் பராமரிப்பில் இருப்பவை. தாழ்ப்பாள் விழவில்லை என்று சொல்லியும் சரிசெய்யவில்லை என்றால் நாய்க்காரரோடு சேர்ந்து நீங்களும் பதில் சொல்ல வேண்டிவரும்.

அக்ரிமெண்டில் "செல்லப்பிராணி அனுமதி" என்று ஒரே வரி எழுதுவதுதான் இருப்பதிலேயே மோசம். அனுமதித்ததற்குச் சாட்சி ஆயிற்று, கட்டுப்பாட்டுக்கு ஒரு வார்த்தை இல்லை. தனி இணைப்பாகப் போடுங்கள். நான் எழுதும் முக்கிய வரிகள்:

"இந்த அனுமதி கீழே விவரிக்கப்பட்ட ஒரு நாய்க்கு மட்டும். இது இறந்தாலோ வேறு இடம் போனாலோ அனுமதி முடிந்துவிடும். வேறு நாய்க்குப் புதிதாக எழுத்து அனுமதி பெற வேண்டும். பிறர் நாயைத் தற்காலிகமாக வைத்திருப்பதும் கூடாது."

விவரத்தில் பெயர், மருத்துவப் பதிவில் உள்ளபடி இனம், பிறந்த மாதம், எடை, நிறம், தோலுக்கடியில் வைத்த மைக்ரோசிப்பின் 15 இலக்க எண், இரண்டு பக்கவாட்டுப் படம், முகப் படம். சிப் எண் இல்லாத விவரத்தால் பயன் குறைவு, கறுப்பு-பழுப்பு ராட்வீலர்கள் படத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

"பொது இடங்களில் நாய் எப்போதும் 2 மீட்டருக்கு மிகாத, நீட்டிச் சுருக்க முடியாத பட்டையில், 18 வயது நிறைந்தவர் கையில், கூடை வகை வாய்க்கூடோடு இருக்கும். பொது இடத்தில் கட்டிவைக்கவோ தனியே விடவோ கூடாது."

"கடி, பாய்ச்சல், தப்பித்தல், உள்ளாட்சி நோட்டீஸ் எதுவானாலும் 24 மணி நேரத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்."

"காப்பீடு, லைசென்ஸ், வெறிநாய்க்கடி தடுப்பூசி ஆகியவை காலாவதியாகும் முன் புதுப்பித்த நகல் தர வேண்டும். தவறினால் ஏழு நாள் அவகாசம். அதற்கும் தவறினால் நாய்க்கான அனுமதி ரத்து."

கடைசி வார்த்தையைக் கவனியுங்கள்: "நாய்க்கான அனுமதி" ரத்து. "வீட்டைக் காலி செய்ய வேண்டும்" என்று எழுதினால் வாடகைச் சட்டம் குறுக்கே வந்து அந்த வரியே செல்லாமல் போகலாம். மீறினால் என்ன வழி என்பதை உள்ளூர் வக்கீல் ஒருவர் பார்த்துத் திருத்தட்டும். அதிகபட்ச அட்வான்ஸுக்குச் சட்ட வரம்பு உள்ள இடங்களும் உண்டு. இங்கிலாந்தில் பெரும்பாலான வாடகைகளுக்கு ஐந்து வார வாடகைதான் உச்சம், நாய்க்கென்று தனியாக அதற்கு மேல் வாங்க முடியாது.

---

கூடைவாய்:

நாய்களைப் பழக்கும் பக்கத்திலிருந்து. அக்ரிமெண்ட் எல்லாம் சரி, உங்கள் இடத்தில் பிரச்சினை வரப்போவது கேட்டில்தான்.

கேட் வளாகத்துக்கு உள்பக்கமாகத் திறக்கட்டும். 46 கிலோ நாய் உள்ளிருந்து மோதினால் கேட் இன்னும் இறுக மூடும். வெளிப்பக்கம் திறக்கும் கேட்டில் தாழ்ப்பாள் சரியாக விழாத ஒரு நாள் போதும். தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் கீல், 1.5 மீட்டர் உயரத்தில் தாழ்ப்பாள், கேட்டுக்கடியில் இடைவெளி 5 சென்டிமீட்டருக்குள். சுற்றுச்சுவர் 1.8 மீட்டருக்குக் குறைய வேண்டாம். ஓரத்தில் மண் தரை என்றால் கம்பி வலையை 'ட' போல மடித்து, கிடைப்பகுதி உள்நோக்கி இருக்கும்படி 30 சென்டிமீட்டர் ஆழத்தில் புதையுங்கள். இல்லாவிட்டால் தோண்டும்.

கம்பி கேட் என்றால் நாய் மட்டத்துக்கு உள்ளே தகடு அடியுங்கள். தெருவில் போகிற ஒவ்வொருவரையும் பார்த்து ஓடிக் குரைத்து, அவர்கள் விலகிப்போவதைத் தன் வெற்றியாக எடுத்துக்கொள்ளும் நாய் நாளடைவில் கடுமையாகும். சங்கிலியில் கட்டிப்போடுவதும் அப்படித்தான். "பாதுகாப்புக்குக் கட்டி வைக்கிறேன்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டு வாசலுக்கு உள்ளே இன்னொரு தடுப்பு, ஒரு மீட்டருக்குக் குறையாத உள் கேட் போடச் சொல்லுங்கள். மணி அடித்ததும் ஓடிவரும் நாய்க்கும் பார்சல் கொண்டுவருபவருக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு மட்டும் இருக்கக் கூடாது. பிளம்பர், எலெக்ட்ரீஷியன் வரும் நேரத்தில் நாய் கூண்டிலோ பூட்டிய அறையிலோ இருக்க வேண்டும் என்பதையும் இணைப்பில் சேருங்கள்.

வாய்க்கூடு கூடை வகையாக, வாயை முழுதாகத் திறந்து இளைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விட்டதாக இருக்க வேண்டும். துணிப்பட்டை வகையைப் போட்டு நடத்தினால் நாயால் உடம்புச் சூட்டை வெளியேற்ற முடியாது. வெயிலில் மயங்கி விழும். பழக்கம் இல்லாத நாய்க்குக் கூடைக்குள் தீனி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அதனால் குடிவரும் தேதிக்கு முன்பே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று: நீங்களே போய் நாயைத் தடவிப் பார்த்து "சாதுவாத்தான் இருக்கு" என்று முடிவு செய்வது சோதனையே அல்ல. தன் வீட்டில், தன் ஆள் பக்கத்தில் இருக்கும்போது பல நாய்கள் சாதுதான். கால்நடை மருத்துவரின் கடிதமும், அமெரிக்க கென்னல் கிளப்பின் 'நல்ல குடிமகன்' போன்ற பத்து அம்சத் தேர்வு ஏதாவது உங்கள் பக்கம் நடந்தால் அதன் சான்றிதழும் கேளுங்கள்.

---

வாலாட்டி:

வாடகைக்குப் போகும் நாய்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. "லேப்ரடார் கலப்பு" என்று பொய் எழுதாதீர்கள். தடுப்பூசிப் புத்தகத்திலும் லைசென்ஸிலும் சிப் பதிவிலும் ராட்வீலர் என்றிருக்கும். கடி க்ளெய்மில் முதலில் கேட்பதே அவற்றைத்தான். பொய் வெளிப்பட்டால் உங்கள் பாலிசியும் போகும், அக்ரிமெண்டும் போகும். தடுப்பூசி, கருத்தடைச் சான்று, சிப், காப்பீடு, முந்தைய ஓனர் கடிதம் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்பாக வைத்துக்கொண்டு, வீடு பார்க்கப் போகும்போதே கொடுங்கள்.

---

மாடிப்படி:

நன்றி. இரண்டு துணைக் கேள்வி. இனத்தை உறுதி செய்ய மரபணுப் பரிசோதனை கேட்கலாமா? அவர் நாளைக்கு "இது மனநல ஆதரவு நாய்" என்று சொன்னால்?

---

வரைவாளர்:

உங்கள் விஷயத்தில் அவரே ராட்வீலர் என்கிறார், பரிசோதனை எதற்கு? கலப்பினத்தில் இன்சூரன்ஸ்காரர் ஏற்றுக்கொள்வார் என்றால் மட்டும் பயன். பிரிட்டன் சட்டம் மரபணுவையே பார்ப்பதில்லை, தோற்றத்தையும் அளவையும்தான் பார்க்கும். எக்ஸ்எல் புல்லி என்றால் தோள் உயரம் ஆண் 51, பெண் 48 சென்டிமீட்டரிலிருந்து கணக்கு. அதோடு மற்ற உடலமைப்பும் பொருந்த வேண்டும். அங்கே தடையிலிருந்து விலக்குச் சான்றிதழ் பெற்ற நாய் என்றால் சான்றிதழில் உள்ள முகவரி உங்கள் வீட்டுக்கு மாற்றப்பட்டதா என்று பார்த்த பிறகே குடியேற்ற வேண்டும்.

ஆதரவு நாய்: அமெரிக்காவில் நியாயமான வீட்டு வசதிச் சட்டப்படி உதவி நாய் செல்லப்பிராணிக் கணக்கில் வராது. இன விதியும் நாய் அட்வான்ஸும் பொருந்தாது. மறுக்க வேண்டுமானால் அந்தக் குறிப்பிட்ட நாய் செய்த காரியத்தைக் காட்ட வேண்டும், இனத்தை அல்ல. வீட்டுக்கு அது ஏற்படுத்தும் சேதத்துக்கு மட்டும் பிறகு பணம் கேட்கலாம். ஆன்லைனில் விற்கும் "பதிவுச் சான்றிதழ்" அட்டைக்கு அங்கே சட்ட மதிப்பு இல்லை, சிகிச்சை தருபவரின் கடிதம்தான் பேசும். வேறு நாட்டில் விதி வேறு.

---

பாலிசிப்பக்கம்:

வரிசை மட்டும் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இமெயில் பதில் வரட்டும், அதன் பிறகு கேட் வேலை, அதன் பிறகு காப்பீட்டு நகல், கையெழுத்து, கடைசியில் சாவி. மேல் வீட்டுக்காரருக்கும் கையெழுத்துக்கு முன்பே சொல்லுங்கள். குழந்தை இருக்கும் வீடு, அவர் மறுத்தால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.