வீட்டுக்குள் காஸ்டிக் சோடா எதற்கு?

வார்டு_செவிலி
எங்கள் அடுக்ககத்தில் இப்போது வீட்டுக்கு வீடு சோப்பு காய்ச்சுகிறார்கள். ஒருத்தி அதற்கு வேண்டிய காஸ்டிக் சோடாவை, தோலை அரிக்கும் அந்தக் காரத்தை, எதில் வைத்திருக்கிறாள் தெரியுமா? பழைய ஊறுகாய் பாட்டிலில், கல்லுப்புக்குப் பக்கத்தில். வீட்டில் நடை பழகிய குழந்தை வேறு. நான் மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் வேலை பார்ப்பவள். காரம் விழுங்கிய குழந்தைக்கு உணவுக்குழாய் வெந்துபோகும். புண் ஆறும்போது குழாய் சுருங்கும், பிறகு சோறு இறங்காது. அதை விரித்துவிட மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கும். கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் சோப்புக்காக இந்த வம்பு எதற்கு? பொழுது போகவில்லை என்றால் பூத்தையல் போடலாமே.

திருப்பூர்_மலர்
அக்கா, உப்புக்குப் பக்கத்தில் சோடா வைத்தது அந்த வீட்டாரின் குற்றம், சோப்பின் குற்றமல்ல. என் வீட்டில் அது பூட்டிய பெட்டிக்குள், பரண்மேல் இருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகுதான் பெட்டியைத் திறப்பேன். கண்ணாடியும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் தொடுவதில்லை.

சிக்கனத்துக்காக யாரும் இதைச் செய்வதில்லை. 2025இல் தேங்காய் எண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோதும் நான் நிறுத்தவில்லை. தேங்காய் எண்ணெய் 700 கிராம், நல்லெண்ணெய் 200, விளக்கெண்ணெய் 100. இவை முழுவதும் சோப்பாக மாற ஏறத்தாழ 168 கிராம் சோடா கேட்கும். நான் 150தான் போடுவேன். தேங்காய் எண்ணெய் இவ்வளவு சேர்ந்த சோப்பு தோலை வறட்டிவிடும் என்பதால், பத்தில் ஒரு பங்கு எண்ணெய் மாறாமல் மிஞ்சட்டும் என்று விடுகிறேன். தண்ணீர் 300 கிராம். எல்லாம் தராசு எடை, டம்ளர் கணக்கு கிடையாது. தண்ணீரில்தான் சோடாவைத் தூவ வேண்டும். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். முறையாகக் கரைத்தாலே சூடு 80 டிகிரியைத் தொடும்.

அது ஆறியதும் எண்ணெயில் விட்டுக் கடைகிறோம். சற்று நேரத்தில் கலவை இறுகி, கரண்டியைத் தூக்கினால் சொட்டு விழுந்த தடம் மேலேயே நிற்கும். அந்தக் கட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஏன் செய்கிறோம் என்று விளக்கத் தேவையில்லை. அச்சில் ஊற்றி, மறுநாள் வெட்டி, நான்கு முதல் ஆறு வாரம் காற்றோட்டமாக உலர்த்திப் பாருங்கள். அந்தத் தரம் எந்தக் கடையிலும் கிடைக்காது.

தராசு_முள்
மலர் அவர்களின் எடைக் கணக்கு சரி. கடைசி வரியில்தான் எனக்கு வழக்கு. சோப்புத் தரப் பரிசோதனையில் நெடுநாள் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். இந்தியத் தர நிர்ணயப்படி குளியல் சோப்புக்கு மொத்தக் கொழுப்புப் பொருள், அதாவது எடையில் கொழுப்பமிலத்தின் பங்கு, 76 சதவீதம் இருந்தால் முதல் தரம், 70 இருந்தால் இரண்டாம் தரம், 60 இருந்தால் மூன்றாம் தரம். உங்கள் கலவையின் எடை 1,450 கிராம். ஒரு கிலோ எண்ணெயில் கொழுப்பமிலம் சுமார் 945 கிராம். வெட்டியெடுக்கும் நாளில் 65 சதவீதம்தான் தேறுகிறது. உலர்ந்து 150 கிராம் தண்ணீர் போனால் 73க்கு வரும். ஆக, இரண்டாம் தரம். முதல் தர முத்திரையோடு மளிகைக் கடையில் தூங்கும் சோப்பு இந்தக் கணக்கில் உங்களை வென்றுவிடுகிறது.

திருப்பூர்_மலர்
ஐயா, அந்தக் கணக்கில் கிளிசரினுக்கு இடம் எங்கே? ஒரு கிலோ எண்ணெயிலிருந்து 100 கிராமுக்கு மேல் கிளிசரின் பிரிகிறது. அது முழுவதும் என் சோப்பிலேயே இருக்கிறது. பெரிய ஆலைகள் பலவும் அதைத் தனியே எடுத்து வேறு தொழிலுக்கு விற்றுவிடுகின்றன. கிளிசரினை உருவி எடுத்தால் உங்கள் சதவீதம் ஏறத்தான் செய்யும். அதை உயர்ந்த தரம் என்று நான் எப்படி ஒப்புக்கொள்வது?

தராசு_முள்
நல்ல கேள்வி, பாதி ஒப்புக்கொள்கிறேன். அந்த எண் தண்ணீரும் கலப்படமும் எவ்வளவு என்று பிடிக்க வந்த அளவுகோல், தோலுக்கு இதம் தருமா என்று சொல்லாது. ஆனால் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழையில் உங்கள் சோப்பு முத்து முத்தாக வியர்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்களே?

இன்னொன்று, சோடாச் செதில். டப்பாவைத் திறந்து திறந்து மூடினால் அது ஈரத்தையும் கரியமில வாயுவையும் பிடித்துக்கொள்ளும். தராசு 150 என்று காட்டும், காரம் அவ்வளவு இருக்காது. மாறாத எண்ணெய் நீங்கள் திட்டமிட்டதைவிட அதிகமாகும். அதில் நல்லெண்ணெய் வேறு. சில மாதங்களில் மேலே செம்மஞ்சள் புள்ளி விழுந்து சிக்கு வாடை அடிக்கும்.

பாசிப்பயறு
எதற்கு இந்தப் பாடு? பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, வெட்டிவேர் அரைத்த நலங்கு மாவு போதும். தலைக்குச் சீயக்காய். என் வீட்டில் சோப்பே கிடையாது, அதனால் யாரும் நாறவும் இல்லை.

திருப்பூர்_மலர்
நலங்கு மாவு எனக்கும் பிடிக்கும். ஆனால் பனியன் கம்பெனியிலிருந்து எண்ணெயும் பஞ்சுமாக வரும் என் கணவரிடம் அதைக் கொடுத்துப் பாருங்கள். அதோடு எங்களுக்கு ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். வேறு எண்ணெய்ச் சோப்புகள் அதில் திரிந்து வாளியில் படலமாக ஒட்டும். தேங்காய் எண்ணெய்ச் சோப்பு ஓரளவு நுரைக்கிறது.

மூலிகைச்_சந்தை
உங்கள் சண்டைக்கு நடுவே ஒரு வார்த்தை. நான் குப்பைமேனி, வேம்பு, மஞ்சள் சோப்புகள் செய்து வாரச் சந்தையில் விற்கிறேன். துளியும் ரசாயனம் இல்லை. கரப்பான், படை எல்லாம் குணமாகிறது என்று வாங்கியவர்களே சொல்கிறார்கள். குப்பைமேனிச் சோப்பு பளிச்சென்று பச்சையாக இருக்கும், படம் வேண்டுமானால் அனுப்புகிறேன்.

தராசு_முள்
படம் வேண்டாம், பச்சை என்று நீங்கள் சொன்னதே போதும். சோடாக் காரத்தில் இலைப் பச்சை நிற்காது, சில வாரங்களில் பழுப்பேறிவிடும். மஞ்சள் முதலில் செக்கச் சிவந்து, பிறகு மங்கும். செம்பருத்தியின் சிவப்பும் தங்குவதில்லை. மாதக்கணக்கில் பளிச்சென்று இருக்கும் குப்பைமேனிச் சோப்பில் இலையைவிடச் சாயத்துக்குத்தான் வேலை அதிகம்.

சட்டத்துக்கு வருகிறேன். மருந்து, அழகுசாதனப் பொருள்கள் சட்டம் 1940இல் வந்தது. அழகுசாதனப் பொருள் என்ற வரையறையில் சோப்புக்கு இருந்த விலக்கு 1982 திருத்தத்தில் நீங்கியது. விற்பதற்காகச் செய்தால் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில உரிம அதிகாரியிடம் உரிமம் வாங்க வேண்டும். படை குணமாகும் என்று சொன்னால் அது மருந்துக்கான வாக்குறுதி. உங்களிடம் எது இருக்கிறது?

மூலிகைச்_சந்தை
உரிமத்துக்குத் தனிக் கூடம், தகுதி பெற்ற ஆள் என்று கேட்கிறார்கள். மாதம் சில ஆயிரம் பார்க்கும் பெண்கள் அதற்கு எங்கே போவார்கள்? ஊறுகாய் விற்கும் அக்காவை யாரும் இப்படி மடக்குவதில்லை.

வார்டு_செவிலி
ஊறுகாய் விற்பவருக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவு உண்டு, தம்பி. சிரங்கோடு வரும் குழந்தைகளை நான் பார்க்கிறேன். மூலிகைச் சோப்பு போட்டால் ஆறும் என்று நாள் கடத்திவிட்டு, சீழ் கட்டியபின் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பணக் கஷ்டம் எனக்குப் புரிகிறது, படை ஆறும் என்று அட்டையில் அச்சடிப்பதுதான் புரியவில்லை.

இரட்டையர்_அம்மா
சோடாவே தொடாமல் செய்யலாமே? நான் கிளிசரின் சோப்புக்கட்டி வாங்கி, நறுக்கி, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, வாசனை கலந்து அச்சில் ஊற்றுகிறேன். பிள்ளைகள் இருவரும் கூடவே உட்கார்ந்து செய்கிறார்கள். விடுமுறை நாள் கழிந்துவிடுகிறது.

திருப்பூர்_மலர்
கடையில் மாவு வாங்கித் தோசை வார்ப்பது போலத்தான். தோசை நன்றாகவே வரும், ஆனால் மாவு நான் அரைத்தது என்று சொல்லக் கூடாது. அந்தக் கட்டியும் ஓர் ஆலையில் சோடா போட்டுச் செய்ததுதான். பச்சைக் கற்றாழைச் சாறு, பால் எதையும் அதில் ஊற்றிவிடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

வார்டு_செவிலி
எனக்கு அந்தத் தோசையே போதும். மலர், உங்களைப் போல் பெட்டியைப் பூட்டி வைப்பவர்கள் எத்தனை பேர்? காணொளியைப் பார்த்துவிட்டு நேரே ஹார்டுவேர் கடைக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

திருப்பூர்_மலர்
கழிப்பறை கழுவும் அமிலம் இல்லாத வீடு ஒன்றைக் காட்டுங்கள், நானும் நிறுத்திவிடுகிறேன்.

வார்டு_செவிலி
அமிலம் நாற்றத்தாலேயே காட்டிக்கொடுக்கும். சோடாவுக்கு வாசனை இல்லை, பார்க்க வெள்ளைச் செதில், கரைத்தால் தண்ணீர். அதைத்தான் செம்பில் ஆற வைக்கிறீர்கள். தோலில் பட்டால் வினிகர் தேய்க்கச் சொல்கிறது ஒரு காணொளி, அதைப் பல்லாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். தேய்க்கக் கூடாது. உடையைக் கழற்றிவிட்டுக் குழாய்த் தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும், கண்ணில் பட்டாலும் அப்படியே, உடனே மருத்துவமனைக்கும் வர வேண்டும். விழுங்கிய குழந்தையை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, போன வழியே திரும்பி வரும்போது மறுபடியும் வேகும். உங்கள் செய்முறையில் எடை இருக்கிறது, சூடு இருக்கிறது. இவற்றில் எத்தனை இருந்தன?

திருப்பூர்_மலர்
இவற்றையும் சேர்த்து எழுதுகிறேன், அக்கா. செய்வதை மட்டும் விடமாட்டேன்.

புதுவரவு_சேலம்
வணக்கம். மேலே உள்ளதை முழுதும் படிக்கவில்லை, மன்னிக்கவும். இன்று முதல்முறையாகச் செய்யப்போகிறேன். எண்ணெயை அளந்து அலுமினியச் சட்டியில் ஊற்றிவிட்டேன். சோடாவை அதிலேயே போடலாமா?

திருப்பூர்_மலர்
வேண்டாம்! சோடா அலுமினியத்தை அரிக்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். எவர்சில்வர் பாத்திரம் வேண்டும். சோடாவை எண்ணெயில் போடக் கூடாது, தனியாகத் தண்ணீரில் கரைக்க வேண்டும்.

வார்டு_செவிலி
வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா?

புதுவரவு_சேலம்
இருக்கிறாள், தூங்குகிறாள். எவர்சில்வரில் பெரிய பாத்திரம் இல்லை. அளந்த எண்ணெயை என்ன செய்வது?

திருப்பூர்_மலர்
மூடி வையுங்கள், எண்ணெய் கெட்டுப்போகாது. பாத்திரம் வாங்கிய பிறகு, அவள் பாட்டி வீட்டுக்குப் போகும் நாளில் செய்யலாம்.