ரகுநாதாச்சாரி பெயரில் ஒரு புதையல் பெட்டி: எங்கே ஒளித்து வைக்கலாம்?

வேளச்சேரி வாத்தியார்:
முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒருவர் ஒளித்து வைத்த பெட்டியை ஜிபிஎஸ் உதவியோடு மற்றவர்கள் தேடிப் பிடிக்கும் ஜியோகேச்சிங் விளையாட்டைப் பேரன் தொற்றவைத்தான். இப்போது நானே ஒரு பெட்டி ஒளித்து வைக்கப் போகிறேன், சிந்தாமணி ரகுநாதாச்சாரி பெயரில். சென்னை வானாய்வகத்தின் தலைவர் போக்சனுக்கு முதல் உதவியாளராக இருந்தவர். 1867இல், ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆர் ரெட்டிகுலி என்பது அதன் இன்றைய பெயர். திருக்கணிதப் பஞ்சாங்கம் கணித்தவரும் அவரே. என்னிடம் படித்த பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட அவர் பெயர் தெரியாது. நானும் சொல்லித் தரவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

வானாய்வகம் இருந்தது நுங்கம்பாக்கத்தில், இன்றைய வானிலை மைய வளாகத்தில். 1792ஆம் ஆண்டின் 15 அடிக் கருங்கல் தூண், தமிழ்க் கல்வெட்டோடு, இன்னும் அங்கே நிற்கிறது. அந்த மதிலோரம் வைக்கலாமா? எவர்சில்வர் தூக்கு ஒன்றைக் குழாயடியில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன். மூடிக்கு உள்பக்கம் இரண்டு சொட்டு நீர் நின்றது.

டப்பாதேடி:
மதிலோரம் வேண்டாம் ஐயா. அரசு வளாகத்தின் அருகே கேட்பாரற்றுக் கிடக்கும் தூக்கைப் பார்த்தால் யாரும் போலீசைத்தான் கூப்பிடுவார்கள். மண்ணில் புதைக்கவும் கூடாது. அது விளையாட்டின் விதி. இடத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும், பக்கத்துப் பெட்டிக்கு 161 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

தூக்கும் வேண்டாம். நான்கு பக்கமும் கொக்கி போட்டு மூடும், உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் டப்பா வாங்குங்கள். இது என்ன என்று தமிழில் எழுதி மூடியில் ஒட்டுங்கள். கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுதும் நோட்டோடு பேனா வைக்காதீர்கள், ஈரத்தில் மை கலங்கிவிடும், பென்சில் போதும். தூணை விடைக்கு மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்: 1792, 1867 இரண்டும் தெரிந்தால்தான் பெட்டி இருக்கும் இடத்தின் ஆயத்தொலைவு கிடைக்கும் என்று புதிர் போடலாம்.

தென்வானம்:
ஐயா, அந்த விண்மீன் தெரியாத இடத்தில் அவருக்குப் பெட்டி எதற்கு? ஆர் ரெட்டிகுலி தெற்கே வெகு தாழ்வாக வருவது. சென்னையிலிருந்து அதன் உச்ச உயரமே ஏறக்குறைய 14 பாகைதான். நுங்கம்பாக்கத்தில் கட்டடங்களே அதை மறைத்துவிடும். ஜனவரி நடுவில் இரவு ஒன்பது மணிவாக்கில் அது அந்த உச்ச உயரத்துக்கு வரும். முதலில் தென்வானில் பளிச்சென்று தெரியும் அகத்திய நட்சத்திரத்தைப் பிடியுங்கள், பிறகு அதற்கும் தாழ்வாக, சற்று மேற்கே பாருங்கள். நல்ல ஒளியில் இருக்கும் மாதங்களில் பைனாகுலரில் சிக்கும். மங்கிய காலத்தில் சிறு தொலைநோக்கிக்கும் எட்டாது. ஏறத்தாழ ஒன்பது மாதச் சுற்று அது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போய், தென்வானம் மறையாத இடம் தேடுங்கள்.

வேளச்சேரி வாத்தியார்:
14 பாகை! கையை நீட்டி முஷ்டி பிடித்தால் பத்துப் பாகை என்று வகுப்பில் நானே சொல்லித் தந்திருக்கிறேன். ஒன்றரை முஷ்டிகூட இல்லை. நேற்று மாடியில் நின்று பிடித்துப் பார்த்தேன், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரிந்தது.

கோவளத்தில் என் தங்கை வீடு இருக்கிறது. தெற்கே தென்னை இரண்டு, அப்புறம் வெறும் வானம். கிணற்றடிச் சுவரில் ஒரு மாடம் உண்டு. வைத்துக்கொள் அண்ணா என்று போனிலேயே சொல்லிவிட்டாள். 1874இல் வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே கடந்த வெள்ளி இடைநகர்வை முன்கூட்டியே மக்களுக்கு விளக்கி எழுதியவர் ரகுநாதாச்சாரி. அதனால் பெட்டிக்குள் அவரைப் பற்றி ஒரு பக்கம், எளிய தமிழில், என் கையெழுத்தில் வைக்கிறேன். கொக்கி டப்பா வாங்கியாயிற்று. இன்று குழாயடியில் இருக்கிறது.